சங்கிலியும் பற்சில்லும்

கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டுமென மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவன் கம்பனைப் பற்றியோ நாவலர் பெருமானைப் பற்றியோ எழுதுவான் என்றே எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே எண்ணி இரண்டு மாலைப் பொழுதுகளைப் புத்தகங்களிடையே கழித்தேன். எழுதியவை யாவும் முன்னோர் எழுதியவற்றின் எதிரொலியாகவே அமைந்தன. மூன்றாம் நாள் மாலை, முற்றத்தில் வண்டியை நிறுத்திச் சங்கிலிக்கு ஒயில் விட்டுக்கொண்டிருந்தபோது, நான் பட்டு அறிந்ததும் பிறருக்குப் பயன்படக்கூடியதுமான செய்தி ஒன்று என் கையிலேயே இருக்கின்றது என்ற எண்ணம் தோன்றியது. ஆகவே இக்கட்டுரை ஒரு மோட்டார் சைக்கிளின் சங்கிலியையும் அதன் பற்சில்லுகளையும் பற்றியது. இலக்கியம் நாடி இப்பக்கத்தைத் திறந்த அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

வண்டி என் தந்தையாருடையது. 1980களில் அவர் வாங்கிய, 125 சீ.சீ. வலுவுள்ள, நான்கு கியர் கொண்ட யப்பானிய வண்டி. அவர் தோட்டக்காரர். வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டு, அவற்றைச் சாக்கிலே கட்டி, அவ்வண்டியின் பின்னே ஏற்றிச் சந்தைக்குக் கொண்டு செல்வார். அவர் காலமானபின் வண்டி என்னிடம் வந்தது. கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று வெளியேறிய நாள்முதல் நான் கடமையாற்றிய பாடசாலைகள் அனைத்துக்கும் அதிலேயே சென்று வந்துள்ளேன். பூநகரிப் பகுதிப் பாடசாலையொன்றுக்கு இடமாற்றம் கிடைத்தபின், 2011 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தின் வழியாக நாள்தோறும் போய் வரலானேன். ஒரு வழிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். அவ்வீதியிலே சென்றவர்கள் அதன் இயல்பை அறிவர். இருமருங்கும் கடல்நீர், ஒதுங்கி நிற்க ஒரு மரமில்லை. வைகாசி பிறந்துவிட்டால் சோளகக் காற்று நெஞ்சிலே கைவைத்துத் தள்ளுவதுபோல் எதிரே வந்து மோதும்.

நிற்க. பற்சில்லு என்பது யாதென இளைய மாணவருக்குச் சிறிது கூறுதல் வேண்டும். எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டியைக் கடந்து, முன்னேயுள்ள சிறிய பற்சில்லுக்கு வருகின்றது. அங்கிருந்து சங்கிலி அதனைப் பின்சில்லோடு பொருத்தப்பட்ட பெரிய பற்சில்லுக்குக் கடத்துகின்றது. கராச்சிலே இவற்றை ஸ்புறொக்கற் என்பர். என் வண்டியில் முன்னே 14 பற்கள், பின்னே 42 பற்கள் இருந்தன. 42ஐ 14ஆற் பிரித்தால் 3. அதாவது முன்சில்லு மூன்று முறை சுற்றினாற்றான் பின்சில்லு ஒரு முறை சுற்றும். முன்னே பல் குறைந்தால், அல்லது பின்னே பல் கூடினால், இவ்விகிதம் பெருகும். வண்டி பாரத்தை நன்றாக இழுக்கும். ஆனால் வேகம் குறையும். முன்னே பல் கூடினால் இதற்கு மாறாக நிகழும்.

இதனை நான் முதன்முதற் கேட்டது எமது கல்லூரியின் விஞ்ஞான வகுப்பிலேதான். பொறிமுறை நயத்தையும் வேக விகிதத்தையும் கற்பித்த ஆசிரியர், மாணவன் ஒருவனின் சைக்கிளை வகுப்பறைக்குள்ளே கொண்டுவரச் செய்து, அதனைத் தலைகீழாக நிறுத்திச் செயின்வீலின் பற்களை எங்களைக் கொண்டே எண்ணுவித்தார். “பலத்திலே பெறுவதை வேகத்திலே கொடுக்க வேண்டும், இயற்கையின் கடையிலே கடன் இல்லை” என்று அவர் கூறியது இன்றும் நினைவிலுள்ளது. கூற்று நினைவில் நின்றதேயன்றி, அதன் பொருள் எனக்கு விளங்கச் சரியாக இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன.

என் முதற் குற்றம் எண்ணாமை. சங்கிலி தேய்ந்தபோதெல்லாம் கடைக்குச் சென்று, “முன்னுக்குப் பதினாலு, பின்னுக்கு நாற்பத்திரண்டு” என்று கேட்டு வாங்கி வந்தேன். தந்தையார் அவ்வாறு கேட்டு வாங்கியதைச் சிறுவனாக நின்று கண்டிருந்தேன், அவ்வளவே. அவ்வண்டியைச் செய்தவர்கள் அதற்கு விதித்த அளவு எத்தனை என்று நான் ஒருபோதும் ஆராய்ந்ததில்லை. பெட்டகத்துள் வண்டியின் கைந்நூல் இருந்தும், அதனை விரித்துப் பார்த்ததில்லை. தந்தை செய்தார், ஆகவே சரி என்றிருந்தேன்.

என் இரண்டாவது குற்றம் 2022 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அவ்வாண்டை இலங்கையர் எவரும் மறக்கமாட்டார். ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த ஒக்ரேன் 92 பெற்றோல் ஏப்பிரல் மாதத்தில் 338 ரூபாவாகியது. மே 24இல் 420 ரூபாவாகியது. விலை கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களும் நீண்ட வரிசைகளில் இரவு பகலாகக் காத்திருந்தனர். நாள்தோறும் அறுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடும் ஓர் ஆசிரியனின் சம்பளம் எங்கே போகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அறையிலே நண்பர் ஒருவர் வழி சொன்னார்: “முன்னுக்கு ரண்டு பல்லைக் கூட்டிப் போடும். எஞ்சின் மெதுவாய்ச் சுத்தும், பெற்றோல் மிச்சம்.”

கணக்கு எனக்கு இனித்தது. 42ஐ 16ஆற் பிரித்தால் 2.63 வரும். அதே வேகத்திற்கு எஞ்சினின் சுற்றுகள் எட்டில் ஒரு பங்கு குறையும். எட்டில் ஒரு பங்கு பெற்றோலும் மிஞ்சும் என்று நானே ஒரு முடிவைக் கட்டிக்கொண்டேன். கடையிலிருந்த இளைஞர், “சேர், முன்னுக்கு மட்டும் மாத்தாதேங்கோ, செயினும் ரண்டு வீலும் ஒரு செற். மூண்டையும் ஒண்டாய் மாத்தவேணும்” என்று சொன்னார். மூன்றும் வாங்க அன்று என்னிடம் பணமில்லை. அதனை ஒப்புக்கொள்ள மனமுமில்லை. 16 பற்கள் கொண்ட முன்சில்லை மாத்திரம் வாங்கி வந்து, பழைய சங்கிலியையும் பழைய பின்சில்லையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஏப்பிரல் மாத இறுதியில் நானே பூட்டினேன். பூட்டிய அன்று சமதரையில் வண்டி அமைதியாக ஓடியது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பிற்போடப்பட்டிருந்த 2021 ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சை 2022 மே 23இல் ஆரம்பமாகியது. என்னிடம் பத்தாம் வகுப்பிலிருந்து தமிழ் கற்ற மாணவன் ஒருவன், தாயாருடன் தென்மராட்சியிலுள்ள பாட்டியார் வீட்டிலே தங்கியிருந்தான். பரீட்சை நிலையமோ பாலத்துக்கு அப்பால். எரிபொருள் இன்மையால் பஸ் வருமென்ற நம்பிக்கையில்லை. கணிதப் பரீட்சைக்கு முதல்நாள் இரவு தாயார் தொலைபேசியில் அழைத்து, “சேர், பிள்ளையை எப்பிடியாவது கொண்டுபோய் விடுவீங்களோ?” என்று கேட்டார். அவனைக் கொண்டுசென்று விடுவதற்காகவே மறுநாள் விடியற்காலையில் வீட்டிலிருந்து புறப்பட்டேன்.

அவனை ஏற்றிக்கொண்டு பாலத்துக்கு முன்னுள்ள திறந்த வீதிக்கு வந்தபோது சோளகம் முழு வலியோடு எதிர்த்தது. நான்காம் கியரில் வண்டி திணறியது. மூன்றாம் கியருக்கு மாற்றினேன். எஞ்சின் அலறியதேயன்றி, வேகம் ஏறவில்லை. மீண்டும் நான்காம் கியர், மீண்டும் திணறல். பின்னே சில நாட்களாகக் கேட்டுவந்த கடகட என்ற ஓசை அன்று பெரிதாகியது. பாலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் இருக்கையில், சங்கிலி பின்சில்லின் பற்களின்மேல் ஏறித் துள்ளியது. இரண்டாம் முறை துள்ளி விழுந்து, சில்லுக்கும் குடத்துக்கும் இடையிலே சிக்கி அறுந்தது. பின்சில்லு பூட்டிக்கொண்டது. வண்டி வழுக்கி, நீர்க்கரையை நோக்கிச் சென்று, தெய்வாதீனமாக நிலைகுலையாது நின்றது.

நேரம் ஏழு மணி முப்பத்தைந்து நிமிடம். பரீட்சை எட்டரை மணிக்கு. வீதியிலே ஒரு வாகனமும் இல்லை. அவ்வாண்டில் வாகனம் இல்லாத வீதி புதுமையன்று. மாணவன் கையிலிருந்த பொலித்தீன் பையினுள்ளே அனுமதி அட்டையும் அடையாள அட்டையும் கவராயப் பெட்டியும் காற்றிலே படபடத்தன. பன்னிரண்டு நிமிடங்கள் நாங்கள் அங்கே நின்றோம். என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட பன்னிரண்டு நிமிடங்களை நான் அறியேன். சில ஆயிரம் ரூபாவை மிச்சம்பிடிக்கப் போய், ஒரு பிள்ளையின் பதினொரு ஆண்டுப் படிப்பை நடுவீதியில் நிறுத்திவிட்டேனே என்று நெஞ்சு துடித்தது. அவனோ என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சேர், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. ஓடியெண்டாலும் போயிடுவன்” என்றான். ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான், சொன்னவன் அவன்.

மீன் ஏற்றும் வாகனமொன்று வந்தது. கையை நீட்டி, வீதியின் நடுவிலேயே நின்றேன். சாரதியிடம் மூன்று சொற்கள்தான் சொன்னேன். அவர் வேறொன்றும் கேட்காது கதவைத் திறந்தார். எட்டு இருபதுக்கு அவன் மண்டப வாயிலில் இறங்கினான் என்பதைப் பின்னர் அறிந்தேன். அச்சாரதியின் பெயரை நான் கேட்கவில்லை. அந்நன்றிக்கடன் இன்னும் தீராதிருக்கின்றது.

வண்டியை உருட்டிச் சென்று தெரிந்தவர் வீட்டிலே விட்டு, இரண்டு நாட்களின் பின் லான்ட்மாஸ்ரர் ஒன்றிலே ஏற்றி, எங்கள் ஊர்ச் சந்தியிலுள்ள கராச்சுக்குக் கொண்டுவந்தேன். கராச்சுக்காரர் எழுபதைக் கடந்தவர். தந்தையாருடைய காலத்து மனிதர். அறுந்த சங்கிலியைக் கையிலெடுத்துப் பார்த்தார். “செயின் தானாய் அறேல்லை, மாஸ்ரர். நீங்கள்தான் அறுத்தனீங்கள்” என்றார். பிறகு, வகுப்பறையிலே பிள்ளைக்குக் காட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அது 428 ஆம் இலக்கச் சங்கிலி. ஓர் ஊசியின் நடுவிலிருந்து அடுத்த ஊசியின் நடுவரை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். ஆகவே இருபது கண்ணிகள் 254 மில்லிமீற்றர் நீளம் இருத்தல் வேண்டும். என் சங்கிலியை இழுத்துப் பிடித்து அளந்தபோது 260 இருந்தது. நூற்றுக்கு இரண்டு வீதம் நீண்டாலே அதனைக் கழித்துவிட வேண்டும். என்னுடையது அவ்வெல்லையைக் கடந்திருந்தது. சங்கிலி நீண்டுவிட்டது என்று நாம் சொல்கின்றோமே, இரும்புத் தகடு நீள்வதில்லை. ஊசியும் அதனைச் சூழ்ந்த குழாயும் ஒன்றோடொன்று உராய்ந்து தேய்கின்றன. என் சங்கிலியில் 112 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டிலும் கால் மில்லிமீற்றர் தேய்ந்தால், மொத்தம் 28 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாத தேய்வு நூற்றுப்பன்னிரண்டு முறை கூடும்போது விரலிடை அளவைத் தாண்டி நிற்கின்றது. எங்கள் பகுதி மணலும் உப்புக்காற்றும் அத்தேய்வை விரைவுபடுத்துவன.

அவ்வாறு நீண்ட சங்கிலி புதிய பற்சில்லில் அமரமாட்டாது. புதிய பற்களின் இடைவெளி அரை அங்குலத்துக்கு அளவானது. சங்கிலியின் இடைவெளியோ கூடியது. ஆகவே பல பற்கள் பகிர்ந்து தாங்கவேண்டிய இழுவையை ஓரிரு பற்களே தாங்குகின்றன. சங்கிலி பல்லின் நுனியை நோக்கி ஏறுகின்றது. பழைய பின்சில்லின் பற்களோ கடலலைபோல் ஒருபக்கம் வளைந்திருந்தன. இருபுறமும் பொருந்தாத சங்கிலியை இருவருடைய பாரத்தோடு எதிர்காற்றிலே இழுத்தால், அது துள்ளாமல் என் செய்யும்? மூன்றும் ஒரு தொகுதி என்று கடையிளைஞர் சொன்னதன் காரணம் இதுவே. புதிய சங்கிலியைப் பழைய சில்லிற் போட்டால் சில்லு சங்கிலியைக் கெடுக்கும். புதிய சில்லிலே பழைய சங்கிலியைப் போட்டால் சங்கிலி சில்லைக் கெடுக்கும். மிச்சம்பிடித்தவனுக்கு இரண்டுமில்லை.

தேய்வை வீட்டிலேயே அறிய எளிய வழியொன்றையும் அவர் காட்டினார். பின்சில்லின் கடைக்கோடியில், சங்கிலியை விரல்களாற் பற்றிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். நல்ல சங்கிலி அசையாது. பல்லின் பாதி தெரியுமளவுக்கு விலகி வருமாயின் அதன் காலம் முடிந்தது. ஒரு கணநேரச் சோதனை. ஏப்பிரலிலே நான் அதனைச் செய்திருந்தால், மே மாதத்தில் அப்பன்னிரண்டு நிமிடங்கள் நேர்ந்திரா.

பிறகு வேலையைத் தொடங்கினோம். அவர் சொல்ல, நான் செய்தேன். முன்மூடியைக் கழற்றியபோது, ஒயிலும் மணலும் சேர்ந்து களிமண்போல் இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அவற்றைத் துடைத்து எடுத்தேன். முன்சில்லைப் பிடித்துள்ள இரண்டு சிறு ஆணிகளைக் கழற்றி, பூட்டுத் தகட்டைச் சிறிது திருப்ப, சில்லு வெளியே வந்தது. பின்சில்லை இறக்கி, ஆணித்தலைகளின்மேல் மடித்துவிடப்பட்டிருந்த தகடுகளை நிமிர்த்திப் பழைய பற்சில்லை அகற்றினோம். அதன் பின்னேயுள்ள றப்பர்க் கட்டைகள் நைந்திருக்கவில்லை. புதியதைப் பொருத்தி, ஆணிகளை ஒன்றுவிட்டு எதிரெதிராக இறுக்கி, தகடுகளை மீண்டும் மடித்தோம். சங்கிலியை மாட்டி, இணைப்புக் கண்ணியின் கிளிப்பைப் போடும்போது அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அக்கிளிப்பின் ஒரு முனை அடைபட்டது, மறுமுனை பிளவுபட்டது. அடைபட்ட முனையே சங்கிலி ஓடும் திசையை நோக்க வேண்டும். பிளந்த முனை முன்னோக்கினால், எதிலேனும் தட்டுப்பட்டுக் கழன்றுவிடும்.

ஈற்றில் சில்லின் இருபுறத்துக் குறிகளும் ஒத்திருக்கச் சரிபார்த்து, கீழ்ச்சங்கிலியின் நடுவிலே மேலும் கீழுமான ஆட்டத்தை அளந்தோம். என் வண்டிக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை. ஓரிடத்தில் மட்டும் அளந்தால் ஏமாறுவோம். சில்லைச் சுற்றிச் சுற்றி அளந்து, மிக இறுக்கமான இடத்தைக் கண்டு, அவ்விடத்தில் அளவு சரியாக இருக்குமாறு அமைக்க வேண்டும். இறுக்கம் கூடினால் சங்கிலியும் சில்லின் பெயாரிங்கும் கெடும். தளர்வு கூடினால் சங்கிலி கழலும்.

ஆயின் முன்னே எத்தனை பற்கள் போடுவது என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்திருந்தது. “பழையபடி பதினாலையே போடுங்கோ, அண்ணை. ஐயா போட்டது பிழைக்காது” என்றேன். அவர் ஒயில் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“உங்கட ஐயாவுக்கு உந்தப் பதினாலைப் போட்டுக் குடுத்ததே நான்தான், தம்பி. கொம்பனிக்காரன் போட்டது பதினைஞ்சு. தொண்ணூறிலை பெற்றோல் நிண்டு போச்சு. மண்ணெண்ணெயிலை ஓட்டின காலம். அதிலை எஞ்சின் இழுக்காது. அவருக்கோ வெங்காயம் ஏத்த வேணும். வேகம் ஆருக்கு வேணும் அந்த நாளிலை? அதுதான் ஒரு பல்லைக் குறைச்சனாங்கள்.”

1990இல் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலிற் சில துளிகளை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயிலே ஓடுவதே அக்கால வழக்கம். அப்புகையின் மணம் என் வயதினர்க்கு இன்றும் நினைவிருக்கும். மண்ணெண்ணெயில் எஞ்சின் இடித்துத் திணறும், வலுக் குன்றும். குன்றிய வலுவைக்கொண்டு குன்றாத பாரத்தை இழுக்கவே தந்தையார் வேகத்தை விற்றுப் பலத்தை வாங்கினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டிலே இதனைப் பற்றி அவர் பேசியதில்லை.

கராச்சுக்காரர் சொல்லி முடித்தபோது என் கண்முன்னே வந்தது வேறொரு காட்சி. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நாங்களும் அக்கூட்டத்திலே ஒரு குடும்பம். முன்னே தங்கை, பின்னே அம்மா, அம்மாவின் மடியிலே தையல் இயந்திரத்தின் தலைப்பாகம், இருபுறமும் அரிசிப் பைகள். அருகே நான் என் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். நாவற்குழிப் பாலத்திலே ஓர் அடி வைக்கவும் இடமில்லை. மனிதர் நடக்கும் வேகத்துக்கும் குறைந்த வேகத்தில், முதலாம் கியரிலே, அவ்வண்டி அணையாமல் ஊர்ந்து வந்தது. எத்தனையோ வண்டிகள் சூடேறி வழியிலே நின்றன. எங்கள் வண்டி ஏன் நிற்கவில்லை என்று அன்று நான் கேட்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, ஒரு கராச்சிலே, எண்ணெய்ப்பிசுக்குப் படிந்த வாங்கிலே இருந்துகொண்டு அதற்கு விடை பெற்றேன். ஒரு பல் குறைந்திருந்தமையும் அதற்கு ஒரு காரணம்.

அக்கணத்தில் 14இனை விடவே கூடாது என்றுதான் மனம் சொன்னது. அதை அவர் உணர்ந்துகொண்டார் போலும். “ஐயா இருந்திருந்தால் இப்ப பதினைஞ்சுதான் போடுவார்” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது உண்மை. நான் மண்ணெண்ணெயில் ஓடவில்லை, வெங்காயமும் ஏற்றவில்லை. என் பாரம் நானும் ஒரு புத்தகப் பையும், சிலவேளை ஒரு மாணவனும். என் வழி சமதரை; என் எதிரி காற்று. மலையகத்திலே, ஏற்றமும் வளைவுமான வீதியிலே கடமையாற்றும் என் கலாசாலை நண்பர் ஒருவருக்கு 14 பொருந்தும், எனக்குப் பொருந்தாது.

பெட்டகத்திலிருந்த கைந்நூலையும் விரித்துப் பார்த்தேன். 15 என்றே இருந்தது. கணக்கும் அதற்கே சான்று சொன்னது. 42ஐ 15ஆற் பிரித்தால் 2.8. 14 பற்களோடு 50 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுமோ, அத்தனை சுற்றுக்கு 15 பற்களோடு ஏறக்குறைய 53.6 கிலோமீற்றர் வேகம் கிடைக்கும். இழுவையில் ஏறக்குறைய 7 வீதம் இழக்க நேரும். முன்னே ஒரு பல்லைக் கூட்டுவது பின்னே மூன்று பற்களைக் குறைப்பதற்கு ஏறக்குறைய ஒப்பானது என்பதனாலேயே, முன்சில்லை மாற்றுவோர் ஒரு பல்லுக்குமேல் துணியலாகாது. நான் ஒரே தாவலில் இரண்டு பற்கள் தாவினேன். அத்தாவலின் விலையைச் சோளகம் வசூலித்தது.

எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் பின்னர் இன்னொரு நயத்தையும் எடுத்துக் காட்டினார். 112 கண்ணிகள் 14ஆல் மீதியின்றிப் பிரிபடும். ஆகவே முன்சில்லின் ஒரு பல் எப்போதும் அதே எட்டுக் கண்ணிகளையே சந்திக்கும். ஒரு கண்ணி பழுதானால், அதே பல்லையே மீண்டும் மீண்டும் தாக்கும். 15க்கும் 112க்கும் பொதுக் காரணி இல்லை. ஆகவே ஒவ்வொரு பல்லும் முறையாக எல்லாக் கண்ணிகளையும் சந்திக்கும். தேய்வு எல்லாவற்றுக்கும் பங்கிடப்படும். வகுப்பிலே எப்போதும் முன்வாங்கு எட்டுப் பேரை மாத்திரம் பார்த்துப் பாடஞ் சொல்லும் ஆசிரியரை நினைத்து நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரிப்பு விரைவில் அடங்கிவிட்டது.

15 பூட்டியபின் அதே வீதியில், அதே சோளகத்தில், பின்னே நண்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு சென்று பார்த்தேன். நான்காம் கியரில் வண்டி தன் வேகத்தை இழக்காது சென்றது. வழக்கமான பாரத்தோடும் வழக்கமான காற்றோடும் கடைசிக் கியர் இழுக்குமாயின் பல்லளவு சரி. இழுக்காது போனால் முன்னே பல் கூடிவிட்டது. சமதரையிலே எஞ்சின் வீணாக அலறுமாயின் முன்னே பல் குறைந்துவிட்டது. இதனினும் எளிய விதி வேறில்லை. பெற்றோலைக் குறித்துவைத்த கொப்பியைப் பார்த்தேன். மிச்சம்பிடிக்கப் போட்ட 16இலேதான் லீற்றருக்கு மிகக் குறைந்த தூரம் ஓடியிருக்கின்றது. நான்காம் கியர் இழுக்காமல் மூன்றிலேயே முறுக்கி ஓடியதன் பயன் அது. 15இலே மூன்றினும் கூடிய தூரம்.

இப்போது ஐந்நூறு கிலோமீற்றருக்கு ஒரு முறை, ஓடி வந்த சூடு ஆறுமுன், கீழ்ச்சங்கிலியின் உட்புறத்தில் கியர் ஒயில் விடுகின்றேன். மழையில் நனைந்தால் அன்றே விடுகின்றேன். அச்சங்கிலி இன்றுவரை அமைதியாக ஓடுகின்றது. அன்றைய மாணவன் கணிதத்திலே திறமைச் சித்தி பெற்றான். பெறுபேறு வந்தவுடன் எனக்குத்தான் முதலிற் சொன்னான். அப்பெறுபேறு வேறாக இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் துணிவு எனக்கு வந்திராது.

திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரம் வலியறிதல். வண்டியின் அச்சையும் அதில் ஏற்றிய பாரத்தையும் உவமையாகக் கொண்ட குறளும் அவ்வதிகாரத்திலேயே உள்ளது. அதனை ஆண்டுதோறும் வகுப்பிலே விளக்கி வந்த நான், என் சொந்த வண்டியின் வலியை அறியாதிருந்தேன். முதலில், காரணம் அறியாது காத்தேன். பின்னர், காரணம் அறியாது மாற்றினேன். இரண்டும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். தந்தையார் 14ஐத் தேர்ந்தது அறிவு. அதே 14ஐ நான் சுமந்து திரிந்தது பழக்கம்.

எமது கல்லூரி விழாக் காணும் இவ்வேளையில், முன்னோர் வகுத்த முறைகளைக் காக்க வேண்டுமென்போரும், அவை யாவற்றையும் மாற்ற வேண்டுமென்போரும் பழைய மாணவர் கூட்டங்களிலே உளர். இரு சாராரும் என் அன்புக்குரியவர். அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. கையிலெடுத்த ஒவ்வொரு முறையையும், அது எப்பாரத்துக்காக, எவ்வீதிக்காக அமைக்கப்பட்டதென முதலிற் கேளுங்கள். அறிந்தவர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் என் தந்தையாரிடம் கேட்கத் தவறினேன்; கராச்சுக்காரர் ஒருவர் இருந்தமையால் பிழைத்தேன்.

ஏப்பிரலிலே கழற்றிய அந்தப் 14 பற்சில்லை நான் எறிந்துவிடவில்லை. கறள் நீக்கி, ஒயில் பூசி, வண்டியின் கைந்நூலோடு பெட்டகத்தில் வைத்திருக்கின்றேன். அது இனி எந்த வண்டியிலும் பூட்டத் தகாதது. ஆயினும் என் பிள்ளைகள் ஒருநாள் அதனைக் கையிலெடுத்து, இது என்னவென்று கேட்பார்களாயின், நாவற்குழிப் பாலத்திலிருந்து தொடங்கி அவர்களுக்குச் சொல்லுவேன்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க.